கிணறு கற்பித்த பாடம்

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கொழும்பிலே நல்ல உத்தியோகம் பார்ப்பவர். அவர் மனைவியும் படித்தவர். கொடுத்த தேநீர் ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "சேர், நாங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம்" என்று தொடங்கினார். நகர வாழ்க்கை அலுத்துவிட்டதாம். மின்சாரக் கட்டணம், எரிபொருள், கடை, சந்தை என்று எதற்கெடுத்தாலும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பது பிடிக்கவில்லையாம். தமக்கு வேண்டியதைத் தாமே தேடிக்கொள்ளும் மக்கள் எங்கே இருக்கிறார்களோ, அங்கே போய்ச் சில காலம் வாழ்ந்து பார்க்க ஆசையாம். "நீங்களும் ஒருமுறை அப்படி ஓர் இடத்துக்குப் போய் வந்தீர்கள் என்று கேள்விப்பட்டோம்" என்று முடித்தார்.

போய் வந்தது உண்மைதான். ஆனால் வாரந்தோறும் ஏதேதோ எழுதுகிற நான், அந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் இதுவரை எழுதவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. காரணத்தைக் கடைசியில் சொல்லுகிறேன்.

2022ஆம் ஆண்டை நம் வீடுகளில் எவரும் எளிதில் மறக்கமாட்டார்கள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற காலம் அது. எரிவாயுக் கொள்கலனுக்காகத் தாய்மார் தெருவிலே காத்து நின்றார்கள். பெற்றோல் வரிசையில் இரவைக் கழித்த ஆசிரியருள் நானும் ஒருவன். அந்த வரிசையில் நின்றுகொண்டே ஒரு நாள் நினைத்தேன்: கம்பி வழியே வரும் வெளிச்சமும், கப்பல் வழியே வரும் எண்ணெயும் இல்லாமல் நம் முன்னோர் வாழவில்லையா? அப்படி வாழ்கிறவர்கள் இன்றும் எங்கேனும் இல்லாமலா போய்விட்டார்கள்? அவர்களிடம் போய்ப் பாடம் கேட்டால் என்ன?

வகுப்பிலே இதைச் சொன்னபோது பின் வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். தன் தாயின் உறவினர் இரணைதீவில் இருப்பதாகச் சொன்னான். புரட்டாதி மாதத்தில் மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. அவனையே வழிகாட்டியாகக் கொண்டு புறப்பட்டேன்.

மன்னாரில் ஓர் இரவு தங்கினோம். மன்னார்த் தீவை அறியாதவர்களுக்கு அதைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்தால் பனையும் மணலும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெரியும். தெருவிலே கழுதைகள் தம் விருப்பப்படி உலாவும். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பெருக்க மரம் ஒரு சிறு வீட்டின் பருமனோடு நிற்கும். தீவின் தென்கரையிலே இப்போது புதுமையாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு திசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலை அது. முப்பது காற்றாடிகள், அவற்றின் மொத்த வலு 103.5 மெகாவாற்று. அங்கே பிறக்கும் மின்சாரம் நாட்டின் பொது வலையிலே போய்ச் சேருகிறது. இருட்டிலே அவற்றின் சிவப்பு விளக்குகள் மின்னுவதைப் பார்த்தபோது, நாளை நான் போகப்போகும் இடத்துக்கு இந்த மின்சாரம் எட்டாது என்ற நினைவு வந்தது. அப்போது அது எனக்குக் கவலையாகத் தோன்றவில்லை. அதையே தேடித்தானே புறப்பட்டேன்!

மறுநாள் மாந்தையூடாக வடக்கே சென்றோம். வலப்புறம் கட்டுக்கரைக் குளத்து நீரால் விளையும் வயல்வெளிகள் பரந்து கிடந்தன. அருவியாற்று நீரைத் தேக்கி வைக்கும் அந்தப் பழைய குளமே மன்னார்ப் பெருநிலத்துக்குச் சோறு போடுகிறது. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம் எல்லாம் கடந்து முழங்காவிலை அடைந்து, அங்கிருந்து கரையோரம் திரும்பினால் இரணைமாதா நகர் வரும். அங்கே வள்ளம் ஏறினால் ஒரு மணி நேரமளவில் இரணைதீவு. மாவட்டக் கணக்கில் அது கிளிநொச்சியைச் சேர்ந்தது. கடலின் கணக்கிலோ மன்னார்க் கரையின் தொடர்ச்சியே. அருகருகே இரட்டைப் பிள்ளைகள்போல இரண்டு தீவுகள் இருப்பதால் அந்தப் பெயர்.

அந்தத் தீவின் கதையை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த மக்கள் 1992ஆம் ஆண்டு போரின் காரணமாக வெளியேறினார்கள். எதிர்க்கரையில் குடியேறி, தீவின் நினைவாக இரணைமாதா நகர் என்று தங்கள் ஊருக்குப் பெயரிட்டார்கள். போர் 2009ஆம் ஆண்டு முடிந்த பின்னரும் தீவு கடற்படையின் வசமே இருந்தது. 2017ஆம் ஆண்டு மே முதலாம் நாள் கரையிலே பந்தலிட்டு அமர்ந்து, "எங்கள் நிலத்தை எங்களுக்குத் தாருங்கள்" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஓர் ஆண்டு கடந்தது. பதில் வரவில்லை. 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள், பெண்களும் முதியவர்களுமாகப் பல படகுகளில் ஏறி, வெள்ளைக் கொடிகளைப் பிடித்துக்கொண்டு தாமே தீவுக்குப் போய் இறங்கினார்கள். சிதைந்து கிடந்த தேவாலயத்திலே மண்டியிட்டு வணங்கி, அங்கேயே தங்கிவிட்டார்கள். அடுத்த மாதமே அவர்கள் அங்கே இருக்கலாம் என்று அரசு இசைந்தது. ஒரு கல்லும் எறியாமல், ஒரு சொல்லும் தவறாமல் நடந்த மீட்சி அது.

இத்தகைய மக்களிடம் எளிய வாழ்வைக் கற்கப் போகிறோம் என்ற பெருமிதத்தோடு நான் கரையிறங்கினேன். முதற் பாடம் அரை மணி நேரத்துக்குள் கிடைத்தது.

உப்புக் காற்றில் வந்த அலுப்புத் தீரக் குளிக்கலாமென்று கிணற்றடிக்குப் போனேன். வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினேன். ஏழாவது வாளியோ எட்டாவது வாளியோ நினைவில்லை; பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "தம்பி, கனக்க அள்ளாதேயுங்கோ. கிணறு கோவிச்சுக்கொள்ளும்." திரும்பிப் பார்த்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் இடுப்பிலே குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். என் மாணவனுடைய தாயின் பெரியம்மா அவர்.

கிணறு கோவித்துக்கொள்ளும் என்றால் என்ன? எனக்கு அது புரிந்தது. புரிந்தபடியால் வெட்கமாகவும் இருந்தது. ஏனெனில் அதே செய்தியை நான் வேறு சொற்களில் வகுப்பிலே கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். மாணவர்களுக்காக இங்கேயும் சொல்லுகிறேன். சிறு தீவிலே பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. கீழே கடல் நீர் ஊறி நிற்கிறது. கடல் நீரைவிட மழை நீர் நாற்பதில் ஒரு பங்கு இலேசானது. ஆகையால் நன்னீர் உப்பு நீரின்மேல் ஒரு கண்ணாடி வில்லைபோல மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் ஒருவரும், 1901ஆம் ஆண்டில் ஜேர்மானியர் ஒருவரும் கண்டெழுதிய கணக்கு இது.

இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. மேலே உள்ள நீரை மளமளவென்று இறைத்து ஓர் அடி தாழ்த்தினால், நாளடைவில் கீழிருந்து உப்பு நீர் நாற்பது அடி மேலேறி வரும். வந்தபின் எத்தனை மழை பெய்தாலும் கிணறு உடனே தேறாது. கையால் அள்ளினால் கிணற்றுக்கு ஊறுவதற்கு நேரம் கிடைக்கிறது. இயந்திரத்தால் இறைத்தால் அந்த நேரம் கிடைப்பதில்லை. மன்னார் மணற்கரைகளிலும் யாழ்ப்பாணத்திலும் உவராகிப்போன கிணறுகள் பல, இந்தக் கணக்கை மறந்ததன் பயனே. கணக்கை நான் அறிவேன்; அந்த அம்மையார் அறியமாட்டார். ஆனால் அவர் ஒரு குடத்தோடு நிறுத்தினார். நான் எட்டு வாளியிலும் நிறுத்தவில்லை. அறிவு எங்கே இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாவது பாடம் உணவு வேளையில் வந்தது. நான் மரக்கறி மட்டும் உண்பவன். தீவிலோ கடல்தான் வயல். மீனும் நண்டும் கருவாடும் அவர்களுடைய அன்றாட உணவு. எனக்காக அவர்கள் பருப்பும் கத்தரிக்காயும் கரையிலிருந்து முதல் நாளே வருவித்து வைத்திருந்தார்கள். கடையும் சந்தையும் இல்லாத வாழ்வைப் பார்க்க வந்தவன் நான். அந்தத் தீவிலே கடைப் பொருளுக்காகத் தனியே செலவு வைத்த விருந்தாளியும் நானே! மூதாட்டியிடம் இதைச் சொல்லி வருந்தினேன். "அதுக்கென்ன தம்பி, அரிசியும் அங்கேயிருந்துதானே வருது" என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என் எண்ணத்திலே ஒரு பெரிய ஓட்டையைப் போட்டது. அரிசி பெருநிலத்திலிருந்து வருகிறது. அதை வாங்கப் பணம் எப்படி வருகிறது? வற்று நீர் வேளையில் பெண்கள் இடுப்பளவு கடலில் நடந்து, காலால் தடவிக் கடலட்டை பொறுக்குகிறார்கள். வெயிலும் உப்பும் தோலை உரிக்கும் வேலை அது. ஆனால் கடலட்டையை அங்கே எவரும் உண்பதில்லை. அவித்துக் காயவைத்து, சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் சீனத்துக்கும் அது போகிறது. அங்குள்ள சமையலறையில் விருப்பம் மாறினால் இங்குள்ள அடுப்பிலே உலை ஏறாது.

ஆண்களின் வலைத் தொழிலும் அப்படியே. வள்ளத்து இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயாகியது. அதற்கு முன்னரோ விலை கொடுத்தாலும் எண்ணெய் கிடைக்கவில்லை. மின்வெட்டு என்றால் என்னவென்று தீவுக்குத் தெரியாது. மின்சாரம் இருந்தாலல்லவா வெட்டு! ஆனால் மண்ணெண்ணெய் இல்லாத நாளில் வள்ளங்கள் மணலிலேயே கிடந்தன. "பாய் விரித்து ஓடலாமே?" என்று கேட்டேன். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ர அப்பு பாயிலதான் ஓடினவர். நான் பார்த்திருக்கிறன். பொடியனுக்கு இயந்திரம் கழட்டிப் பூட்டத் தெரியும். பாய் கட்டத் தெரியாது. இருபத்தாறு வருசம் கரையில இருந்தனாங்கள் ஐயா. வளவு திரும்பக் கிடைச்சுது. கைப்பழக்கம் எல்லாம் திரும்பக் கிடைக்குமே?" என்றார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. சிறிய சூரியத் தகட்டினால் எரியும் விளக்கொன்று குடிசை முற்றத்தில் இருந்தது. என் கைத்தொலைபேசியை அதிலே மின்னேற்றக் கொடுத்திருந்தேன். விளக்கு வழக்கத்தைவிட விரைவாக மங்கியது. அதற்கும் நானே காரணம் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது.

அமெரிக்க அறிஞர் தோரோவை எண்ணிப் பார்த்தேன். 1845ஆம் ஆண்டு வால்டன் என்ற குளக்கரையில் தம் கையாலே குடிசை கட்டி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் அவர். எளிய வாழ்வுக்கு இலக்கணம் எழுதியவர். ஆனால் ஓரிரு நாளைக்கு ஒருமுறை ஊருக்குள் நடந்து போய்ச் செய்தி கேட்டு வந்ததையும் மறைக்காமல் எழுதினார். முற்றிலும் பிறர் உதவியின்றி வாழ்ந்தவர் என்று உலகத்தில் எவரையும் காட்ட முடியாது. அந்த மூதாட்டியும் அவ்வாறு வாழ்வதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அப்படி ஒரு பட்டத்தை அவருக்குச் சூட்டிக்கொண்டு வந்தவன் நானே. அவருக்குத் தெரிந்தது அளவு. ஒரு குடம் நீருக்கு எத்தனை வேலை உண்டு, ஒரு விளக்கு எத்தனை நாழிகை எரியும், ஒரு பாட்டம் மீனை எத்தனை வீட்டுக்குப் பங்கிடலாம் என்ற அளவு. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நாம் பழமொழி சொல்லுகிறோம். அங்கே அது பழமொழி அன்று, கிணற்றின் நிலைமை.

மூன்றாம் நாட் காலை விடைபெறும் வேளை வந்தது. வள்ளத்தருகே மூதாட்டி நின்றார். தீவிலே பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளை நான் மிகச் சிலரையே கண்டிருந்தேன். படிக்கிற பிள்ளைகள் கரையில் உறவினர் வீடுகளில் இருந்தார்கள். தகப்பன் இங்கே, பிள்ளை அங்கே. தாய் ஒரு கிழமை இங்கே, ஒரு கிழமை அங்கே என்று பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து வாழ்ந்தன. மூதாட்டி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, நீங்கள் வாத்தியார் எண்டு இவன் சொன்னவன். எங்கட இடம் நல்லாயிருக்கு எண்டு மூண்டு நாளாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறியள். அப்ப இங்கேயே இருந்து பிள்ளையளுக்குப் படிப்பிச்சால் என்ன?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? கல்லூரியில் வேலை, வீட்டுக் கடன், மகளின் பரீட்சை எல்லாம் ஒரு கணத்தில் மனத்தில் வந்து நின்றன. "வருவேன் அம்மா, விடுமுறையில் வருவேன்" என்று ஏதோ முணுமுணுத்து வள்ளத்தில் ஏறினேன். கரை வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான், வாசகர்களே. அந்த மக்களின் எளிமையைப் புகழ்ந்து எழுத எனக்கு உரிமை இல்லையென்று தோன்றியது.

திரும்பி வந்தபின் காந்தியடிகளின் டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றி மீண்டும் படித்தேன். 1910ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், நண்பர் காலன்பாக் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் அது அமைந்தது. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவற்றுள் தமிழ்க் குடும்பங்கள் பல. தாமே சமைத்தார்கள், தச்சு வேலை செய்தார்கள், செருப்புத் தைத்தார்கள். சொந்த வேலையாக நகருக்குப் போகிறவர் நடந்தே போகவேண்டும் என்பது விதி. இவையெல்லாம் நான் வகுப்பிலே பலமுறை சொன்னவை. ஆனால் பண்ணை வளர்ந்தபோது அவர்களுக்கு இன்னொரு கடமையும் வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்ல வேண்டியிருந்தது. காந்தியடிகளே ஆசிரியரானார். அரைகுறையாகக் கற்ற தமிழைக்கொண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தார். டால்ஸ்டாய் பண்ணைக்கும் ஒரு மூதாட்டியின் கேள்வி இருந்தது. அங்கே அதற்கு விடை சொல்ல ஒருவர் இருந்தார். அதுதான் வேற்றுமை.

மின்கம்பி எட்டாத ஊர்களுக்கு வெளிச்சம் தர இன்று வழி இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணத்து எழுவைதீவிலே சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் இயந்திரம் ஆகியவற்றை ஒன்றாக இணைத்துச் சிறு மின்வலை அமைத்திருக்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கும் அத்தகைய திட்டத்துக்காக 2022ஆம் ஆண்டு இந்தியாவோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆகவே சிறு தீவுக்கு இருட்டு விதி அன்று. இருட்டை நாம் மூன்று நாள் விரும்பி அனுபவிக்கலாம். அதிலே பிள்ளை வளர்ப்பவளை அதற்காகப் பாராட்டுவது அறம் ஆகாது.

இவ்வளவையும் என் பழைய மாணவருக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்படியானால் போகவேண்டாம் என்கிறீர்களா, சேர்?" என்று கேட்டார்.

"போகவேண்டும்" என்றேன். "ஒரு கிணற்றிலே எவ்வளவு நீர் உண்டு என்று அறியாதவன் படித்தவன் ஆகமாட்டான். அதை அறிய அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் போகுமுன் உன் வீட்டுக் குழாயிலேயே ஒரு மாதம் அளந்து வாழ்ந்து பார். போகும்போது உன் அரிசியை நீயே கொண்டு போ. அங்கே உனக்குத் தெரிந்த ஒன்றை விட்டுவிட்டு வா. நான் வெறுங்கையோடு போய், அவர்கள் நீரையும் வெளிச்சத்தையும் செலவழித்துவிட்டு வந்தேன்."

அவர் மனைவி அப்போதுதான் முதன்முறையாகப் பேசினார். அவர் கணிதப் பட்டதாரி. "இரணைமாதா நகரிலே அந்தப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லிக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா, சேர்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த விடுமுறையில் அவர்கள் இருவரும் முழங்காவிலுக்குப் பேருந்து ஏறும்போது, மூன்றாவது பயணச் சீட்டு ஒன்றும் வாங்கும்படி சொல்லியிருக்கிறேன். மூதாட்டிக்குக் கொடுத்த வாக்கு ஒன்று என்னிடம் கடனாக நிற்கிறது.